திருவிழாக் காலமும் மக்கள் கணக்கெடுப்பும்

ஒரு நாட்டின் மக்களை எண்ணத் தொடங்குமுன், எந்த நாளில் எண்ணுவது என்பதை முடிவு செய்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பகுதியில் திருவிழாவோ சந்தையோ தீர்த்த யாத்திரையோ நடைபெற்று வரும் இந்தியாவில் இம்முடிவு எளிதன்று. விழா நாட்களில் மக்கள் இருப்பிடம் பெயர்கின்றனர். வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சிற்றூர் ஒன்று சில நாட்களுக்குப் பெருநகராகிவிடுகிறது. அத்தகைய நாளில் எண்ணினால் கிடைப்பது விழாவின் கணக்கே அன்றி, ஊரின் கணக்கு ஆகாது.

ஓர் இரவுக் கணக்கு

நாடு முழுவதற்கும் ஒரே சமயத்தில் முதன்முதலாகக் கணக்கெடுப்பு நடைபெற்றது 1881 பிப்ரவரி 17ஆம் நாளன்று. அது முதல் 1931 வரை 'ஓர் இரவு' முறையே பின்பற்றப்பட்டது. வீடுதோறும் முன்கூட்டியே தயாரிக்கப்பட்ட பட்டியல், குறிப்பிட்ட ஓர் இரவில் மீண்டும் சரிபார்க்கப்படும். இறந்தோர், வெளியூர் சென்றோர் பெயர்கள் நீக்கப்பட்டு, புதிதாகப் பிறந்தோரும் வந்தோரும் சேர்க்கப்படுவர். பெரிய விழாக்கள், புனித நீராடும் நாட்கள், திருமண முகூர்த்தங்கள் ஆகியவற்றைத் தவிர்த்தும், கணக்கெடுப்போர் நடமாட முன்னிரவில் நிலவொளி கிடைக்குமாறும் அந்த இரவு தெரிவு செய்யப்பட்டது. விழா நாளில் இப்பணி நடந்தால் பட்டியலில் பாதியை அடித்துத் திருத்த நேரிடும் என்பதை அக்கால அதிகாரிகள் அறிந்திருந்தனர்.

1941இல் ஓர் இரவு முறை கைவிடப்பட்டது. பிற்காலத்தில் பிப்ரவரித் திங்களில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் கணக்கெடுத்து, மார்ச் முதல் நாளை ஆதார நாளாகக் கொள்ளும் வழக்கம் நிலைபெற்றது. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு நடந்தது. வீடற்றோர் 28ஆம் நாள் இரவில் எண்ணப்பட்டனர். மார்ச் 1 முதல் 5 வரை மறுசுற்று மேற்கொள்ளப்பட்டு, இடையில் நிகழ்ந்த பிறப்பு இறப்புகள் சரி செய்யப்பட்டன. இக்காலத்தில் பெரும்பாலான பகுதிகளில் மழையோ கடும் வெயிலோ இல்லை. தீபாவளி, சத் பூஜை, பொங்கல் ஆகியவற்றிற்காக ஊர் சென்றவர்களும் பணியிடம் திரும்பியிருப்பர். பனி மூடும் மலைப் பகுதிகளுக்கு மட்டும் முந்திய ஆண்டின் அக்டோபர் முதல் நாள் ஆதார நாளாகும்.

இவ்வழக்கத்திற்கும் விலக்கு உண்டு. 1971இல் மக்களவைக்கு இடைக்காலத் தேர்தல் வந்தமையால், ஆதார நாள் ஏப்ரல் முதல் நாளுக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

வருகையும் வசிப்பும்

2001ஆம் ஆண்டில் அலகாபாத் மகா கும்பமேளாவும் கணக்கெடுப்பும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. ஒரு மாதம் ஆற்றங்கரையில் தங்கி விரதம் காக்கும் கல்பவாசிகளின் காலம் பிப்ரவரி 8ஆம் நாள் மாசிப் பௌர்ணமியோடு முடிந்தது. கணக்கெடுப்பு மறுநாளே தொடங்கியது. எனினும் மேளா பிப்ரவரி 21 மகா சிவராத்திரி வரை நீடித்தது. சில நாட்களே வந்து நீராடிச் சென்ற பயணி, கணக்கெடுப்புக் காலத்தின் ஒரு பகுதியிலேனும் தம் ஊரில் இருந்தால் அவ்வூரிலேயே எண்ணப்படுவார். காலம் முழுவதும் ஊரில் இல்லாதவரே காணப்பட்ட இடத்தில் எண்ணப்படுவார். மூன்று வாரக் கால அளவின் பயன் இங்கே விளங்குகிறது.

2025இல் பிரயாக்ராஜில் 45 நாட்கள் நடைபெற்ற மகா கும்பமேளாவிற்கு 66 கோடிக்கும் மேற்பட்டோர் வந்ததாக அரசு அறிவித்தது. இது வருகை பற்றிய மதிப்பீடாகும். ஒருவர் பலமுறை நீராடினால் ஒவ்வொரு முறையும் அது கூடக்கூடும். சாலை, குடிநீர், மருத்துவ ஏற்பாடுகளுக்கு இந்த எண்ணே தேவை. பள்ளி, நியாய விலைக் கடை, சட்டமன்றத் தொகுதி ஆகியவற்றிற்கோ ஒருவர் ஒரே முறை எண்ணப்படுவது இன்றியமையாதது. இவ்விரு எண்களையும் மயக்கிக் கொள்ளலாகாது.

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு விழாக்களைத் தனிப் பொருளாகவே ஆராய்ந்தது. தலைமைப் பதிவாளராக இருந்த அசோக் மித்ராவின் முயற்சியால் மாநிலந்தோறும் சந்தைகள், திருவிழாக்கள் பற்றிய தொகுதிகள் வெளியிடப்பட்டன.

நூறு கோடி நாள்

மதிப்பீடுகளும் விழாவாக மாறுவதுண்டு. 2000 மே 11ஆம் நாள் டெல்லியில் பிறந்த ஒரு பெண் குழந்தை, இந்தியாவின் நூறாவது கோடியை நிறைவு செய்ததாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் 2001 மார்ச் முதல் நாள் மக்கள் தொகை 102.87 கோடி எனத் தெரிந்தது. 1991இல் அது 84.64 கோடி. பத்தாண்டுப் பெருக்கமாகிய 18.23 கோடியை ஆண்டுக்குச் சுமார் 1.8 கோடியெனப் பகிர்ந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், நூறு கோடி 1999ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே கடந்திருக்க வேண்டும். மதிப்பீடு எத்துணைக் கவனமாகச் செய்யப்பட்டாலும் அதனைச் சோதிப்பது கணக்கெடுப்பேயாகும்.

எதிர்கால மதிப்பீட்டுக்கு அடிப்படை வயதுக் கணக்கு. இதில் விழாக்கள் துணை செய்கின்றன. பிறந்த நாள் தெரியாதவர்கள் தம் வயதை 40, 45, 50 என முழு எண்களாகக் கூறுவதால் அவ்வயதுகளில் எண்ணிக்கை செயற்கையாகக் குவிகிறது. அப்போது கணக்கெடுப்பாளர் வெள்ளம், தேர்தல், ஊரின் தேர்த் திருவிழா போன்ற நிகழ்ச்சிகளை நினைவூட்டி, அதற்கு முன்னரா பின்னரா என வினவி வயதை நெருங்கி அறிகிறார்.

2011 கணக்கின் அடிப்படையில் வல்லுநர் குழு அளித்த மதிப்பீட்டின்படி, மக்கள் தொகை 121.1 கோடியிலிருந்து 2036இல் 152.2 கோடியாக உயரும். 60 வயது கடந்தோரின் பங்கு 8.4 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காடாகும். 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப் போனமையால், திட்டமிடுவோர் இத்தகைய மதிப்பீடுகளையே நெடுங்காலம் சார்ந்திருக்க நேர்ந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 81.35 கோடிப் பயனாளிகள் என்ற வரம்பும் 2011 கணக்கிலிருந்து பெறப்பட்டதே.

விடுபட்டோர்

2011 கணக்கெடுப்பிற்குப் பின் நடந்த சரிபார்ப்பு ஆய்வு, ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகக் காட்டியது. நாடு முழுவதற்கும் இது ஏறத்தாழ 2.8 கோடி. பூட்டிய வீடும், வேலை தேடிப் பெயர்ந்த குடும்பமும், நடைபாதையில் உறங்குவோரும் எளிதில் விடுபடத் தக்கவர்கள்.

அடுத்த கணக்கெடுப்பின் ஆதார நாள் 2027 மார்ச் 1 என 2025 ஜூன் 16ஆம் நாள் அறிவிக்கை வெளியாயிற்று. 2027 பிப்ரவரியில் ரமலான் நோன்பு மாதம் அமையும். மகா சிவராத்திரியும் ஹோலியும் மார்ச்சில் வரும். நோன்பு துறக்கும் மாலை வேளையைத் தவிர்த்துச் செல்வதும், வெளியூர் சென்ற குடும்பம் திரும்பும் நாளைக் குறித்துக்கொண்டு மீண்டும் வருவதும் கணக்கெடுப்பாளரின் பொறுப்பாகும். கையில் இருப்பது தாளாயினும் மின்னணுக் கருவியாயினும், பூட்டிய கதவின் முன் இரண்டாம் முறை வந்து நிற்பவரே விடுபட இருந்த ஒரு குடும்பத்தைக் கணக்கில் சேர்க்கிறார்.