உங்களுக்குத் தெரியுமா? – பூல் ஆட்டக்கோலின் விலை

1986இல் வெளிவந்த ‘தி கலர் ஆஃப் மனி’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் பால் நியூமன், டாம் குரூஸுக்கு அளிக்கும் பலபுஷ்கா கோல் உண்மையில் கோல் வினைஞர் பலபுஷ்கா செய்ததன்று. அசல் சேதமுறலாகாதென்று, அதனையொத்த ஜாஸ் நிறுவனக் கோலையே படப்பிடிப்பில் உபயோகித்தார்கள். விலையுயர்ந்த பொருளாக இன்று சேகரிப்போர் ஆயிரக்கணக்கான டாலர் ஈந்து பெறும் கோல்களை, ருஷ்யாவிற் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்து 1975இல் காலமான ஜார்ஜ் பலபுஷ்கா, ஆரம்ப காலத்தில், பூல் கூடங்களில் எவரும் எடுத்தாடிய பிரன்ஸ்விக் ‘டைட்லிஸ்ட்’ ஒற்றைக் கோல்களை அறுத்து, மரை பொருத்தி, கைப்பிடியில் நூல் சுற்றி, இரண்டாகக் கழற்றி மாட்டும்படி செய்தே உருவாக்கினார் என்பது எத்துணை ஆச்சரியம்! ஆகவே அன்றாட ஆட்டக்காரர் கோலில் சிக்கனம் பிடித்தாலும் அதன் நுனித் தோலிற் பிடிக்கலாகாது. ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கு நேரமே பந்தைத் தீண்டுவது நுனியிலுள்ள அச்சிறு தோல் வில்லைதான்.