மிதவை அங்கியும் முதுகுச் சிறகும்

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த சுழியோடிகளுக்கு இரண்டு தேவைகள் இருந்தன. ஒன்று, விரைவாக அடித்தளத்தை அடைவது. மற்றையது, மூச்சு முடியுமுன் மேலே வந்து சேர்வது. கயிற்றிற் பிணைத்த கல்லிலே காலை ஊன்றி இறங்கினர். தோணியில் நின்றவர் கயிற்றை இழுக்க மேலே வந்தனர். நீரின் நடுவே ஏறாமலும் இறங்காமலும் நிற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. உருளையில் அடைத்த வளியை முதுகிற் சுமந்து செல்லும் இக்காலச் சுழியோடிக்கோ, அந்த நடுநிலையே முதற் பாடம்.

இதன் அடிப்படை ஆக்கிமிடீசு கண்ட உண்மையாகும். நீரில் அமிழ்ந்த பொருள், தான் இடம்பெயர்த்த நீரின் நிறைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறுகின்றது. ஓர் இலீற்றர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1.025 கிலோகிராம். ஆகவே சுழியோடி அணிந்த பையினுள் ஓர் இலீற்றர் வளி புகுந்தால், அவனை மேலே தூக்கும் விசை ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேலாகக் கூடும். ஆனால் இக்கணக்கு ஓரிடத்தில் நில்லாது. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்காகும். பையிலுள்ள வளியின் கனவளவு பாதியாகும். உடலை மூடிய இரப்பர் உடையும் நசுங்கி மிதப்பை இழக்கும். மேலே வரும்போது யாவும் எதிர்மாறாக நிகழும். பையில் விரியும் வளியை உரிய வேளையில் வெளியேற்றத் தவறினால், சுழியோடி தக்கைபோல் மேலெழுவான். அவ்வாறு எழுபவன் மூச்சையும் அடக்கிக்கொண்டால் நுரையீரல் கிழியலாம்.

1943ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டவரான கூஸ்தோவும் கஞ்ஞானும் தம் சுவாசக் கருவியை அமைத்தபோது, மிதப்பைச் சரிசெய்யத் தனிப் பை எதுவும் இருக்கவில்லை. இடையிற் கட்டிய ஈயமும் நெஞ்சிலிருந்த மூச்சுமே துணை. 1961இல் மொறிஸ் பென்சி என்பவர் கழுத்தில் அணியும் மிதவைப் பைக்கு உரிமம் பெற்றார். 1970களில், கையில்லாத மேற்சட்டை போன்ற அங்கி வந்தது. தோள், விலா, முதுகு ஆகியவற்றைச் சூழ்ந்து வளி நிறையும் இவ்வங்கி, நீரின் மேற்பரப்பில் தலையை நன்கு நிமிர்த்திப் பிடிக்கும். புதிதாகப் பயில்வோர் பலர் இன்றும் இதையே அணிகின்றனர்.

அங்கியின் நன்மையே ஆழத்தில் அதன் குறையாவதும் உண்டு. வளி மார்புக்கும் தோளுக்கும் ஏறுகின்றது. ஈயமோ இடுப்பைக் கீழே இழுக்கின்றது. அதனாற் சுழியோடியின் கால்கள் தாழ்ந்து உடல் சாய்வாக நிற்கும். அந்நிலையில் அடிக்கும் ஒவ்வோர் உதையும் சேற்றைக் கிளப்பும். பல ஆண்டுகள் வளர்ந்த முருகைக் கிளையை முறிக்கும்.

அமெரிக்காவின் வட புளொரிடாவிலுள்ள நீர் நிறைந்த சுண்ணாம்புக் குகைகளில், கிளம்பிய சேறு உயிருக்கே உலை வைக்கும். கலங்கிய நீரில் வாயிற்புறம் தெரியாது. தலைக்குமேல் இருப்பது பாறை. அக்குகைகளிற் சுழியோடியவர்களுக்காக 1979ஆம் ஆண்டில் கிரெக் பிளானகன் என்பவர் உலோக முதுகுத் தகட்டை அமைத்தார். வில்லியம் ஹோகார்த் மெயின் அதனை மேலும் திருத்தினார். தகட்டினூடாகச் செல்லும் நைலோன் பட்டை தோளையும் இடுப்பையும் பிணைக்கும். கவட்டினூடாக வரும் மற்றொரு பட்டை தகடு மேலே நழுவாது காக்கும். வளிப்பை, தகட்டுக்கும் உருளைக்கும் நடுவே சிறகுபோல் விரியும். நிறையும் மிதப்பும் முதுகிலேயே அமைவதால் உடல் கிடையாக நிற்பது எளிதாகின்றது. இன்று குகைக்குள் ஒருபோதும் நுழையாதவர்களும் இதனை விரும்பி அணிகின்றனர்.

எனினும், அங்கியை விட்டுச் சிறகுக்கு மாறுவது சட்டையை மாற்றுவது போன்றதன்று. முதலில் ஈயத்தின் கணக்கை மாற்றவேண்டும். உருக்குத் தகடு ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம் நிறையுடையது. பழைய ஈயம் முழுவதையும் அப்படியே கட்டி இறங்குபவன் வேண்டாத பாரத்தைச் சுமக்கின்றான். வெப்பக் கடலில் மெல்லிய உடையோடு இறங்குபவன் உருக்குத் தகட்டையும் உருக்கு உருளையையும் ஒருங்கே சுமந்தால், சிறகு கிழியும்போது ஆபத்து நேரும். கழற்றி எறிய ஈயம் இல்லை. நீந்தி எழவும் பாரம் விடாது. இத்தகையோருக்கு இலேசான அலுமினியத் தகடும், வேண்டும்போது கழற்றத்தக்க சிறிதளவு ஈயமும் பொருந்தும்.

இரண்டாவது, கவட்டுப் பட்டை. ஈயப் பட்டியை முதலில் அணிந்து அதன்மேற் கவட்டுப் பட்டையை இறுக்கினால், அவசர வேளையிற் கொளுவியைத் திறந்தாலும் பட்டி கீழே விழாது, கவட்டிலே சிக்கிக்கொள்ளும். அணியும் வரிசையில் நேரும் இச்சிறு பிழை ஓர் உயிரின் விலையாகலாம். மூன்றாவது, மேற்பரப்பு நிலை. சிறகில் அளவுக்கு மீறி வளி நிரப்பினால் அது முதுகைத் தள்ளி முகத்தை நீரை நோக்கிச் சாய்க்கும். வேண்டிய அளவே நிரப்பிச் சற்றுப் பின்சாய்ந்து மிதக்கப் பழகவேண்டும். நான்காவது, துணைவன். தொடர்ச்சியான ஒரே பட்டையாலான கட்டை எவ்வாறு அவிழ்ப்பது, எங்கே வெட்டுவது என்பதை உடன் செல்பவனும் அறிந்திருத்தல் வேண்டும்.

சரியான நிறையை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. பன்னிரண்டு இலீற்றர் உருளை 200 வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ மூன்று கிலோகிராம் வளியைக் கொள்ளும். சுவாசிக்கச் சுவாசிக்க அந்நிறை குறையும். ஆகவே சோதனையைச் சுழியோட்டத்தின் முடிவிற் செய்தல் வேண்டும். உருளையில் நான்கிலொரு பங்கு வளி எஞ்சியிருக்க, சிறகு வெறுமையாயிருக்க, ஐந்து மீற்றர் ஆழத்தில் அமைதியாக மூச்சுவிட்டு நிற்க முடியுமாயின் ஈயத்தின் அளவு சரி. மேலே இழுபட்டால் ஈயம் போதாது. கீழே தாழ்ந்தால் அது மிகை.

இச்சோதனைகளை நீச்சற் குளத்திலும் ஆழமற்ற அமைதியான கடலிலும், தகுந்த பயிற்றுநரின் முன்னிலையிற் செய்வதே முறை. மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், 1942இல் மூழ்கிய ஹேர்மிஸ் என்னும் போர்க்கப்பல் கிடக்கின்றது. அத்தகைய இடத்திற்குப் புதுக் கருவியை முதன்முறையாக அணிந்து செல்வது வீரமன்று, பேதைமை. பதற்றம் வந்தால் கை, பழகிய இடத்தையே தேடும். வளியூதும் குழாயும் வெளியேற்றும் கயிறும் அங்கே இல்லையாயின், இழந்த கணங்களை மீட்க முடியாது.

அமைதியான மூச்சும் அளவான ஈயமும் உடையவனுக்கு அங்கியும் போதும். அவை இல்லாதவனுக்குச் சிறகு குறையை மாற்றித் தருமேயன்றி நீக்கித் தராது. மாற விரும்புபவர், தம் உடலுக்கும் தாம் இறங்கும் கடலுக்கும் எது பொருந்தும் என்பதை ஆராய்ந்து, கை புதுப் பழக்கத்தைப் பெறும்வரை பொறுத்திருந்து, பின்னரே ஆழத்தை நாடுதல் நன்று.