முதுமையில் இன்னொரு நாய்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்துக்கு மேல் 6,226 அடி. நானுஓயாவைக் கடந்து, அம்பேவெலப் பால்பண்ணையின் புல்வெளிகளை ஒட்டி ஏறிவரும் வண்டி இங்கே சற்று நின்று, அப்பால் சுரங்கத்துள் நுழைந்து ஊவாப் பக்கம் இறங்குகின்றது. தை மாதத்து விடியலில் இவ்வூர்க் கோவாப் பாத்திகளின் மேல் உறைபனி படிந்திருப்பதும் உண்டு. இத்தகைய குளிரிலே தனித்து வாழும் முதியோருக்கு, அடுப்படியில் சுருண்டு கிடக்கும் நாய் எத்துணைப் பெரிய துணை என்பதை நேயர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கே எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியர் உளர். கணவர் புகையிரதப் பாதையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வயது 71. மனைவிக்கு 66. மக்கள் இருவரும் கொழும்பில் இருக்கின்றனர். இவர்கள் வளர்த்த மணி என்னும் நாய் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, சென்ற மழைக்காலத்தில் இறந்தது. சில மாதங்களுக்குப் பின் அயல் தோட்டத்திலிருந்து ஒருவர் குட்டி தருவதாகச் சொல்லியனுப்பினார். கிழவர் என்னிடம் வந்து, "தம்பி, எடுக்கலாமா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள்" என்றார். அவர் மனைவியோ, "எடுக்கிறது பெரிதில்லை. நாங்கள் போன பிறகு அதற்கு யார் சோறு போடுவது?" என்று கேட்டார்.

அந்த அம்மையாரின் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. அதன்படி புறப்பட்ட குடும்பங்களுள் இவருடைய அத்தை குடும்பமும் ஒன்று. தலைமன்னார் வரை புகையிரதம், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அவர்கள் பெட்டி படுக்கையைக் கொண்டு போயினர்; நாயைக் கொண்டு போக இயலவில்லை. அப்போது இவருக்குப் பதின்மூன்று வயது. பூட்டிய லயத்து வாசலிலே அந்த நாய் பல நாள் படுத்துக் கிடந்ததை இவர் கண்டிருக்கின்றார். தாம் ஊட்டிய சோற்றை அது தின்னவில்லை என்று இன்றும் சொல்கின்றார்.

நாயின் விசுவாசத்தைப் புகழ்வோர் பலர். யப்பானிலே ஹச்சிகோ என்ற நாயின் கதையை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். அதன் எசமானராகிய உவேனோ என்னும் விவசாயப் பேராசிரியர் 1925இல் திடீரென இறந்துவிட்டார். அதன் பின்னரும் நாள்தோறும் தோக்கியோவின் ஷிபுயா நிலையத்துக்குச் சென்று காத்திருந்த அந்நாய் 1935இல்தான் மாண்டது. அது உயிரோடிருக்கையிலேயே, 1934இல், அங்கே அதற்குச் சிலை நாட்டினர். சிலையை எல்லாரும் அறிவர். அப்பத்தாண்டுகளில் அந்த நாயைத் தம் வீட்டில் வைத்துப் பேணியவர் பேராசிரியரின் பழைய தோட்டக்காரர் என்பதை அறிந்தவர் சிலரே. நம் அம்மையார் கேட்டது அந்தத் தோட்டக்காரரைப் பற்றித்தான்.

கணக்கு எளிது. நாய் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழும். சிறிய உடலுள்ளவை நீடித்திருக்கும். மிகப் பெரிய சாதி நாய்கள் எட்டு, ஒன்பது ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடும். நாற்பது வயதில் குட்டி எடுப்பவன் நாயின் முடிவைத் தான் காண்பான். எழுபத்தொன்றில் எடுப்பவர் அதன் முடிவைக் காண எண்பத்து நான்கு வயது வரை நடமாட வேண்டும். நடமாடினாலும், வயது முதிர்ந்த நாயைத் தூக்கி மிருக வைத்தியரிடம் கொண்டுபோகக் கையில் வலு இருக்க வேண்டும்.

குட்டி என்றால் ஆறு மாதம் வரை வீட்டில் அமைதி இராது. நாளுக்கு மூன்று நான்கு வேளை உணவு, இரவிலே அழுகை, கிழிந்த செருப்பு, அடுத்தடுத்துத் தடுப்பூசிகள். இவற்றையெல்லாம் பார்ப்பது யார்? குட்டி வேண்டும் என்று ஆசைப்படுபவர் பெரும்பாலும் கணவர். அதற்குச் சோறு வடிப்பவர் மனைவி. ஆகையால் இவ்விடயத்தில் மனைவியின் சொல்லுக்கே கனம் கூட என்பது என் கருத்து. கிழவருக்கு இது பிடிக்கவில்லை.

நடப்பதால் முதியோர் உடல் நலம்பெறும் என்பதும், நாய் இருந்தால் நடந்தே ஆகவேண்டும் என்பதும் மெய்யே. ஆயினும் இழுக்கும் நாய் ஆளை விழுத்தும். அமெரிக்காவில் 2004க்கும் 2017க்கும் இடையில், கயிற்றில் நாயை நடத்திச் செல்லும்போது எலும்பு முறிந்து வைத்தியசாலைக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்டோரின் தொகை இரு மடங்குக்கு மேலாக உயர்ந்ததாக ஓர் ஆய்வு கண்டது. இடுப்பெலும்பு முறிந்தோர் அவர்களுள் பலர். அது சமதரையில். பாசி படிந்த நம் மலைப்படிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

மற்றொன்று சிறுத்தை. இம்மலைகளில் அது இன்னும் உலவுகின்றது. இரவில் வெளியே கட்டிப்போட்ட நாய் அதற்கு எளிதான இரை. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் வேட்டைநாய்க் கூட்டத்தோடு ஹோர்ட்டன் சமவெளியில் மரைகளைத் துரத்தினார். அந்தச் சமவெளி 1988 முதல் தேசிய வனம். நம் காலத்து நாய் வேட்டைக்குப் போவதில்லை. இரவில் வீட்டுக்குள் படுக்க வேண்டியது. உள்ளே விட மனமில்லாதவர் நாய் எடுக்காதிருத்தலே நன்று.

விசர்நோயையும் மறத்தலாகாது. ஆண்டுதோறும் ஊசி போட்டே ஆகவேண்டும். சந்தேகமான நாய் கடித்தால் உடனே காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளையும் மிளகாயையும் அப்பிக்கொண்டு நாளைக் கடத்துவது உயிருக்கு ஆபத்து.

இத்தனையும் கேட்ட கிழவர், "அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா?" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. நாயின்றித் தனக்கு மோட்சமும் வேண்டாம் என்று நின்றார் தருமர் என்று பாரதம் சொல்கின்றது. அந்தப் பிடிவாதம் முதுமைக்கு அழகுதான். ஆனால் குட்டிதான் வேண்டும் என்பது எதற்கு? இங்கே தோட்டத்தை விட்டு நகரங்களுக்குப் போகும் குடும்பங்கள் வளர்ந்த நாய்களை விட்டுச் செல்கின்றன. ஐந்து வயதான நாட்டு நாய்க்குப் பழக்கம் படிந்திருக்கும்; கயிற்றை இழுக்காது; அதற்கு மீந்திருக்கும் ஆயுளும் வீட்டாரின் ஆயுளோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். பெட்டையாயின் கருத்தடை செய்துவிடலாம். இல்லையேல் ஆண்டுக்கு இருமுறை குட்டி போட்டு, இதே கேள்வியைப் பத்து வீடுகளுக்குப் பரப்பும்.

ஒரு நிபந்தனை மட்டும் சொன்னேன். தங்களுக்குப் பின் அதைக் கவனிப்பவர் யார் என்பதை, நாய் வருவதற்கு முன்னரே பேசி முடிக்க வேண்டும். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணி இருந்துவிடுதல் ஆகாது. கொழும்பில் மாடிவீட்டு ஒற்றை அறையில் இருக்கும் மகன் என்ன செய்வான்?

இரண்டு வாரம் கழித்து அம்மையாரே சென்று, கீழ்வீட்டில் உள்ள தம் தங்கை மகளிடம் பேசினார். அந்தப் பெண் யோசித்து, மறுநாள் சம்மதித்தாள். அதன் பிறகே, ஊரை விட்டுப் போன ஒரு குடும்பத்தின் நாய் இவர்கள் வீட்டுக்கு வந்தது. கிழவர் அதற்கும் மணி என்றே பெயரிட விரும்பினார்; அம்மையார் மறுத்துவிட்டார். இறந்தவர் பெயரை உயிரோடு இருப்பதன்மேல் ஏற்றுவது எனக்கும் ஒப்பில்லை. அது பழைய பெயராலேயே கூப்பிடப்படுகின்றது. தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில், கிழவரின் பெயருக்குக் கீழே, கீழ்வீட்டுப் பெண்ணின் பெயரும் இருக்கின்றது.