மேனிலைப் பள்ளியில் எந்தக் கணிதம்?



பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும், பள்ளி அலுவலகத்தின்முன் பெற்றோரும் பிள்ளைகளும் விண்ணப்பத் தாளுடன் நிற்கும் காட்சியை ஆண்டுதோறும் கண்டவன் நான். ‘எந்தப் பாடப்பிரிவு?’ என்று அத்தாளில் ஒரு கேள்வி உண்டு. அதற்கு நீங்கள் எழுதும் விடை, கணிதம் உங்களுடன் தொடர்ந்து வருமா, பத்தாம் வகுப்போடு விடைபெற்றுக்கொள்ளுமா என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. அவ்விடையை எவ்வாறு காண்பது என்பதைப்பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

பத்தாம் வகுப்புவரை கணிதம் எல்லார்க்கும் பொது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய மேனிலைக் கல்வியில், பதினொன்றாம் வகுப்பிலே வழிகள் பிரிகின்றன. இன்றுள்ள நிலையில் அவற்றை மூன்றாகக் கொள்ளலாம். முதலாவது, இயற்பியல், வேதியியலோடு சேர்ந்து வரும் கணிதம். அணிகள், கலப்பு எண்கள், வெக்டர் இயற்கணிதம், பகுமுறை வடிவியல், நுண்கணிதம் ஆகியவை இதன் உறுப்புகள். இரண்டாவது, வணிகவியல், பொருளியலோடு பயிலத்தக்க வணிகக் கணிதமும் புள்ளியியலும். வட்டி, ஆண்டுத்தொகை, பங்குகள், கூறெடுப்பு ஆகியவற்றை இது கற்பிக்கும். மூன்றாவது, கணிதமே இல்லாத பிரிவுகள்.

வணிகக் கணிதம் என்றால் வரவு செலவுக் கூட்டல்தானே என்று எண்ணுவோர் பலர். அது பிழை. ஒரு கடைக்கு ஆண்டுக்கு 1,200 மூட்டை அரிசி தேவை என்று கொள்வோம். ஒவ்வொரு முறை வரவழைக்கவும் 100 ரூபாய் செலவு. ஒரு மூட்டையை ஓராண்டு இருப்பில் வைக்க 6 ரூபாய் செலவு. சரக்கு ஒரே சீராக விற்றால், வாங்கும் அளவில் பாதியே சராசரி இருப்பாகும். 1,200 மூட்டையையும் ஒரே முறையில் வாங்கினால் மொத்தச் செலவு 3,700 ரூபாய். நூறு நூறாகப் பன்னிரண்டு முறை வாங்கினால் 1,500 ரூபாய். இருநூறு இருநூறாக ஆறு முறை வாங்கினாலோ 1,200 ரூபாய்தான். இதைவிடக் குறைந்த செலவு இல்லை என்று உறுதி கூறுவது எது? வகை நுண்கணிதம்! செலவு மாறும் வீதம் எங்கே சுழியாகிறதோ, அங்கே அது தன் தாழ்ந்த எல்லையை அடைகிறது. மேலே எறிந்த கல் எப்போது உச்சியை எட்டும் என்று இயற்பியல் மாணவன் காண்பதும் இதே கருவியால் அன்றோ? ஆதலின், இவ்விரு பாடங்களுள் ஒன்று அறிவாளிக்கு, மற்றொன்று மந்தனுக்கு என்பது பொருளற்ற பேச்சு. கருவி ஒன்று, பயன்படும் களம் வேறு.

ஆயினும், களம் வேறாகும்போது அப்பாற் செல்லும் வாயில்களும் வேறாகின்றன. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குரிய 200 மதிப்பெண் கணக்கில், கணிதத்துக்கு மட்டும் 100; இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பதே. பொருளியலை உயர்நிலையில் பயில்வோருக்கும் நுண்கணிதம் இன்றியமையாதது. பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இப்போது கணிதத்தைக் கைவிடுபவர், பின்னர் மீண்டும் பிடிப்பது அரிது.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்ல வேண்டும். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, தேற்றங்களை மனப்பாடம் செய்யமாட்டாள். “ஏன் ஐயா அப்படி?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நிறுவல்களைத் தன் போக்கில் எழுதி, நேரம் போதாமல் மதிப்பெண் இழந்தாள். பத்தாம் வகுப்பில் அவள் பெற்றவை குறைவு. “உனக்குக் கணிதம் வேண்டாம், அம்மா” என்றேன். என் சொல்லை நம்பி, கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்தாள். ஈராண்டு கழித்து, பொறியியல் பயில வேண்டும் என்று வந்து நின்றாள். மேனிலையில் கணிதம் பயின்றிருத்தல் வேண்டும் என்பது விதி. அவள் என்னைக் கடியவில்லை. ஆனால் தவறு என்னுடையதே. அவள் மதிப்பெண்ணைப் பார்த்தேன். அவள் கேட்ட கேள்விகளைப் பார்க்கத் தவறினேன்.

ஆகவே, மாணவர்களே, பிரிவைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்றை எண்ணிப் பாருங்கள். விடை வராத கணக்கோடு அரைமணி நேரம் போராட உங்களுக்கு மனம் உண்டா? நீங்கள் விரும்பும் மேற்படிப்பு எந்தக் கணிதத்தைக் கேட்கிறது? நீங்கள் கணிதத்தை விடுவது விருப்பமின்மையாலா, ஒரு தேர்வு தந்த அச்சத்தாலா? விருப்பமின்மையால் என்றால், விட்டுவிடுவதில் இழிவில்லை. வேறு துறைகள் உங்களை வரவேற்கும். அச்சத்தால் என்றால், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். ஆசிரியரிடம் சென்று, தவறிய கணக்குகளை மீண்டும் போட்டுப் பாருங்கள். அதன்பின் அந்தத் தாளை நிரப்புங்கள்.