அப்பா போட்ட ஓட்டு

யோங் பெங்கில் ஒரு நாள் என் மாணவன் கேட்டான்: "சார், ஜெயித்தவர் கட்சி மாறிவிட்டால் அப்பா போட்ட ஓட்டு என்ன ஆகும்?"

நியாயமான கேள்விதானே? 2020 பிப்ரவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அணி மாறியதால் மத்திய அரசே கவிழ்ந்தது. வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்ததே கட்சித் தாவல் தடைச் சட்டம். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 2022 ஜூலை 28-இல் மக்களவையில் 209 பேரும், ஆகஸ்டு 9-இல் மேலவையில் 52 செனட்டர்களும் ஆதரித்தார்கள். அக்டோபர் 5-இல் சட்டம் நடப்புக்கு வந்தது. அமெரிக்காவில் இன்றும் செனட்டர் கட்சி மாறினால் பதவி போகாது.

இங்கே கட்சியை விட்டு விலகுபவர் பதவி இழப்பார்; இடைத்தேர்தல் வரும். ஆனால், கட்சியே அவரை நீக்கினால் பதவி போகாது. கட்சி முழுவதும் கூட்டணி மாறினாலும் இச்சட்டம் தடுக்காது.

ஆகவே, பெற்றோர்களே, வேட்பாளரின் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். அவர் கட்சி நேற்று யாரோடு இருந்தது, இன்று யாரோடு நிற்கிறது என்பதையும் விசாரித்து ஓட்டுப் போடுங்கள். பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா?