நோராவை விழிக்கவைத்த மன்னிப்பு

1879 டிசம்பர் 21. கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் நார்வே நாடகாசிரியர் ஹென்றிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ முதன்முதலாக மேடையேறியது. மூன்று பிள்ளைகளின் தாயான நோரா, கடைசிக் காட்சியில் கணவனையும் வீட்டையும் விட்டு வெளியேறினாள். அவள் செய்தது சரியா, தவறா என்று ஐரோப்பா முழுக்கச் சண்டை மூண்டது.

அவள் வெளியேறியபோது கதவு சாத்தப்பட்ட ஓசையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் நோரா விழித்துக்கொள்வது அதற்கும் முன்னால், கணவன் அவளை மன்னிக்கும் இடத்தில்.

ஒரு கையெழுத்தின் கதை

கல்யாணமான புதிதில் கணவன் ஹெல்மர் நோயில் விழுகிறான். தெற்கே வெப்பமான நாட்டுக்குப் போனால்தான் பிழைப்பான் என்கிறார்கள் மருத்துவர்கள். கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்கச் சட்டம் இடம் தராத காலம். சாகக் கிடக்கும் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டு, கிரோக்ஸ்டாட் என்பவனிடம் கடன் வாங்குகிறாள் நோரா. தந்தை இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் உள்ள தேதியோ அக்டோபர் 2. அந்த மூன்று நாள் இடைவெளிதான் அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, மலிவான துணி உடுத்தி, யாருக்கும் தெரியாமல் தவணை கட்டுகிறாள். ஒரு குளிர்காலம் முழுக்க அறையைப் பூட்டிக்கொண்டு, இரவிரவாகப் பிரதியெடுக்கும் வேலை செய்கிறாள். உழைத்துச் சம்பாதித்தபோது தன்னை ஓர் ஆணைப் போலவே உணர்ந்ததாகத் தோழியிடம் சொல்கிறாள். அவளுடைய விழிப்புக்கு அடித்தளம் இந்த இரவுகள்தான்.

இப்சன் கொடுமைக்காரக் கணவனைப் படைக்கவில்லை. ஹெல்மர் அன்பானவன், மனைவியை வானம்பாடி, அணில் என்று கொஞ்சுகிறவன். ஆனால் தபால் பெட்டியின் சாவி அவனிடம்தான் இருக்கும். பல் கெட்டுவிடும் என்று மக்ரூன் தின்னக்கூடத் தடை போட்டிருக்கிறான். அவள் ஒளித்துவைத்துத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறாள். அடிமைத்தனத்தை இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில் காட்டியதுதான் யதார்த்த நாடகத்தின் பலம்.

திரை விலகும் நேரம்

உண்மை தெரிந்ததும் ஹெல்மர் அவளைப் பொய்க்காரி, குற்றவாளி என்று ஏசுகிறான். பிள்ளைகளை இனி அவள் வளர்க்கக் கூடாது என்கிறான். சற்று நேரத்தில் கிரோக்ஸ்டாட்டிடமிருந்து கடன் பத்திரம் திரும்பி வருகிறது. தான் தப்பித்துவிட்டதாகத் துள்ளுகிறான். நோரா கேட்ட பிறகுதான் அவளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறான். பிறகு பெருந்தன்மையோடு மன்னிக்கிறான். தன் உயிரைக் காத்தவளுக்கு மன்னிப்பு வழங்குகிறோம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை.

நோரா விருந்து உடையை மாற்றிக்கொண்டு வந்து மேஜைக்கு எதிரே உட்காருகிறாள். எட்டு வருடத் தாம்பத்தியத்தில் இருவரும் மனம்விட்டுப் பேசுவது இதுவே முதல்முறை என்கிறாள். தந்தை கையிலிருந்து கணவன் கைக்கு மாறிய பொம்மை, தானும் ஒரு மனுஷி என்று அறிவிக்கிறாள்.

மேடைக்கு வெளியே

இந்தக் கதைக்கு மூலம் இப்சனுக்குத் தெரிந்த எழுத்தாளர் லாரா கீலரின் வாழ்க்கை. அவரும் கணவரின் உடல்நலத்துக்காக ரகசியமாகக் கடன் வாங்கியவர். விஷயம் வெளிப்பட்டதும் அவர் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டார். நாடகம் ஜெர்மனிக்குப் போனபோது ஒரு நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மறுத்தார். வேறு யாரும் கைவைப்பதற்கு முன் இப்சனே முடிவை மாற்றி எழுதிக் கொடுத்தார். அது நாடகத்துக்கு இழைத்த காட்டுமிராண்டித்தனம் என்று அவரே சொன்னார்.

வெளியேறிய நோரா என்ன ஆவாள் என்ற கேள்வியை 1923இல் பெய்ஜிங் மாணவிகள் முன் எழுப்பினார் சீன எழுத்தாளர் லூ சுன். கையில் காசு இல்லாவிட்டால் சீரழிவதோ திரும்பி வருவதோதான் வழி என்றார் அவர். அதற்கு வெகு முன்பே, மனைவிக்குத் தனிச் சொத்துரிமை கேட்டு 1884இல் நார்வே நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் இப்சனும் கையெழுத்திட்டிருந்தார். 1888இல் வந்த சட்டம், மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே என்றது.

நோரா போனது சரியா என்று நாம் இன்னமும் விவாதிக்கிறோம். ஹெல்மர்கள் மாறினார்களா என்று கேட்பதே நியாயம். தன் சம்பாத்தியமும் தன் கையெழுத்தும் தன்னுடையதாக, கணவனோடு சமமாக உட்கார்ந்து பேச முடிகிற வீட்டிலிருந்து எந்த நோராவும் வெளியேற வேண்டியதில்லை.