தொண்டருக்கு எடுக்கும் திருவிழா

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் பிற்பகலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் திரளும் ஜனங்கள் கபாலீசுவரரையும் கற்பகாம்பாளையும் தரிசிக்கவே வருகிறார்கள் என்றாலும், அன்றைய உற்சவம் சுவாமியின் பெயரால் வழங்காமல், அவருக்குத் தொண்டு பூண்டவர்களின் பெயரால் ‘அறுபத்துமூவர்’ என்றே பிரசித்தி பெற்றிருக்கிறது. அதிகார நந்தியும் தேரும் கண்கொள்ளாக் காட்சிகளே. ஆயினும் பத்து நாள் விழாவில் ஊரே வீதியில் இறங்கி நிற்பது, அடியவர்களின் திருவுருவங்கள் வரிசையாகப் பவனி வரும் இந்த நாளில்தான்.

இவ்வடியவர்களின் ஜாபிதாவை முதன்முதலில் வகுத்தவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். சுமார் 8-ஆம் நூற்றாண்டில் திருவாரூரில் அவர் பாடிய திருத்தொண்டத் தொகையில் இடம்பெற்ற அறுபது பேரோடு, பிற்காலத்தில் நம்பியாண்டார் நம்பியின் நூல் வழியாகச் சுந்தரரும் அவரைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து அறுபத்துமூவர் ஆயினர். 12-ஆம் நூற்றாண்டில், சென்னைக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் தோன்றிச் சோழ அரசில் அமைச்சராயிருந்த சேக்கிழார், அவர்களுடைய சரித்திரங்களைப் பெரியபுராணமாக விரித்துரைத்தார்.

அரசர்களும் சேனாதிபதிகளும் அந்த வரிசையில் உண்டு; ஆனால் அவர்களுக்குச் சமமான பீடத்தில் குயவரும், துணி வெளுப்பவரும், மீனவரும், வேடரும் வீற்றிருக்கிறார்கள். சிதம்பரத்துத் திருநீலகண்டர் அடியார்களுக்கு ஓடு வனைந்து கொடுத்தவர். காஞ்சியில் திருக்குறிப்புத்தொண்டர் அவர்களுடைய கந்தைகளைத் துவைத்துக் கொடுத்தவர். கண் பார்வையற்ற தண்டியடிகள், திருவாரூர்க் குளம் தூர்ந்து வருவதை அறிந்து, கரையிலும் குளத்தினுள்ளும் தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே போய் மண்ணை வெட்டிச் சுமந்து வந்து கொட்டியவர். இவர்களுடைய பெருமையைச் சொல்லப் புகுந்த புராணம், பொதுவான புகழுரையோடு நின்றுவிடாமல், இன்னார் இன்ன வேலையைச் செய்தார் என்று குறித்து வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில், வேலையை அறிந்து பாராட்டுவதே மெய்யான மரியாதை.

அத்தகைய மரியாதைக்கு உத்தம உதாரணம் திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூர் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. கையில் உழவாரம் ஏந்தி, ஊர் ஊராகச் சென்று, ஆலயப் பிராகாரங்களில் மண்டிய புல்லைச் செதுக்கிச் சுத்தம் செய்த திருநாவுக்கரசரை ஒருமுறையேனும் கண்டறியாத அப்பூதியடிகள், அவருடைய கீர்த்தியைக் கேள்வியுற்ற மாத்திரத்திலேயே தம் புதல்வர்களுக்கு அவர் பெயரைச் சூட்டியதோடு அமையாமல், வழிப்போக்கரின் தாகம் தீர்க்கத் தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயரை வைத்தார். தற்செயலாக அவ்வழியே வந்த நாவுக்கரசர், தம்மை இன்னார் என்று தெரிவிக்காமல், “உம்முடைய தர்மத்துக்கு உம் பெயரை இடாமல் வேறொருவர் பெயரை இட்டது ஏன்?” என்ற கருத்தில் வினவ, அப்பெரியவரை அறியாதவரும் உண்டோ என்று அப்பூதியார் வெகுண்டார் என்கிறது சரித்திரம். பிரயோசனமான ஒரு காரியத்துக்குத் தொண்டரின் பெயரை இட்டு, அந்தக் காரியம் நாள்தோறும் நடந்துவரச் செய்த அந்தக் கிராமவாசியையும், தொண்டரைப் போற்றிய காரணத்தாலேயே, நாயன்மார் வரிசையில் நம் முன்னோர் சேர்த்துக்கொண்டார்கள்.

மயிலாப்பூருக்கே சொந்தமானவர் வாயிலார். அவர் மனத்திலேயே கோயில் எழுப்பி, மனத்திலேயே விளக்கேற்றிப் பூஜித்தவராகையால், அவருடைய தொண்டு அயலார் கண்ணில் படுவதற்கே வழியில்லை. ஆயினும் ஜாபிதா அவரை விட்டுவிடவில்லை. அதைவிட விசேஷம், சுந்தரர் தனிப்பெயர்களோடு நில்லாமல் ஒன்பது கூட்டத்தாரையும் சேர்த்து வணங்கியிருப்பதாகும். அவற்றுள் கடைசிக் கூட்டம், தமிழ்நாட்டுக்கு அப்பால் இருந்தவர்களும், அந்த அடியார்களின் காலத்துக்கு முன்னும் பின்னும் வாழ்ந்தவர்களும் என்று சேக்கிழார் விளக்கம் தருகிறார். பெயர் தெரியாதவருக்கும் இனிமேல் பிறக்கப்போகிறவருக்கும் முன்கூட்டியே ஆசனம் போட்டு வைத்த பட்டியல் இது.

நம் காலத்துத் தொண்டர்களுக்கென ஐக்கிய நாடுகள் சபையும் 1985-ஆம் வருஷத்தில் டிசம்பர் 5-ஆம் தேதியைச் சர்வதேசத் தன்னார்வலர் தினமாகப் பிரகடனம் செய்தது. அன்றும் பிற நாட்களிலும் நம் சபைகளில் பொன்னாடையும் கேடயமும் வழங்கப்படுகின்றன, அவற்றில் தவறொன்றுமில்லை. ஆனால், மேடைக்கு அழைக்க எளிதானவர் நன்கொடை அளித்தவரே என்பதால், நீர்மோர்ப் பந்தலில் பானையை நிரப்பிக்கொண்டே இருந்தவரும், புளியோதரை உண்டு எறிந்த தொன்னைகளை வாரிக் கூட்டியவரும் பெரும்பாலும் அழைக்கப்படாமலே போகிறார்கள். அவர்களைக் கௌரவிக்க விரும்புகிற ஸ்தாபனம் எதுவாயினும், அவர்கள் செய்த வேலை இன்னதென்று முதலில் விசாரித்தறிந்து, அதை ஊரறியச் சொல்லி, அவர்கள் தளர்ந்த காலத்தில் அந்த வேலை நின்றுபோகாமல் தானே ஏற்று நடத்த வேண்டும். திங்களூரார் காட்டிய வழி அதுவே. பொன்னாடை போர்த்துவதைவிட அது சிரமமான காரியந்தான். ஆனால் தம் வேலை தொடர்ந்து நடப்பதைவிட ஒரு தொண்டர் விரும்பக்கூடிய வெகுமதி வேறில்லை.